பிரேக் இன்ஸ்பெக்டரும் என் மச்சானும்

என்னிடம் இருந்த வாடகைக் காரை ராஜபாளையத்தில் யாரும் கார் என்று சொன்னதில்லை. ‘குட்டி’ என்றுதான் சொல்வார்கள். “குட்டி வந்திருச்சா?” என்பார்கள். “குட்டி வத்திராயிருப்புக்குப் போயிருக்கு, வர நேரமாகும்” என்பார்கள். அத்தனை சிறியது. ஓட்டுகிறவன் பக்கத்தில் ஒருவர், பின்னால் இருவர், ஆக மூன்று பேரை ஏற்றலாம் என்று பெர்மிட்டில் எழுதியிருந்தது. வாடகை கொடுத்து மூன்று பேர் ஏறி ஊரில் யாரும் பார்த்ததில்லை. காரணம், முன் சீட்டில் எப்போதும் என் மச்சான் இருப்பார்.

மச்சான் என் மனைவிக்கு அண்ணன். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், ஆள் வாட்டசாட்டம். ஆண்டாள் கோயில் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிற குடும்பம் அவர்களுடையது. தேரை இழுக்க ஊரே வரும். அதை நிறுத்துகிற வேலை மட்டும் நாலைந்து பேருக்குத்தான் தெரியும். உருண்டு வருகிற சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் பிந்தினால் கை போய்விடும். என் மச்சானுக்குப் பத்து விரலும் பத்திரமாக இருந்தன. புதிதாக யாரைப் பார்த்தாலும் அவற்றை விரித்துக் காட்டுவார்.

ஆனால் தேர் ஆடி மாதத்தில் ஒரு தடவைதான் ஓடும். மற்ற நாட்களில் மனிதருக்கு நிறுத்துவதற்கு ஒன்றும் கிடையாது. ஜின்னிங் ஃபாக்டரியில் சேர்த்துவிட்டார்கள். பஞ்சு மூக்கில் ஏறுகிறது என்று மூன்றாம் நாளே திரும்பிவிட்டார். மளிகைக் கடையில் நிறுத்தினார்கள். அங்கே வருகிறவர்களுக்கெல்லாம் விரலைக் காட்டிக்கொண்டிருந்ததால் முதலாளியே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வீட்டில் மூன்று பிள்ளைகள்.

அந்தச் சமயத்தில்தான் நான் குட்டியை வாங்கினேன். எனக்கு முன்னால் அது நாலு பேரிடம் இருந்தது. நாலு பேரும் நல்லவர்கள் என்றுதான் கேள்வி. பிரேக்கைப் பற்றி மட்டும் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. முதல் வாரம் ஒரு சவாரிக்குக் கூமாப்பட்டி போனேன். தங்கச்சி வீட்டுக்காரர் கார் வாங்கியிருக்கிறாரே, ஏறிப் பார்ப்போம் என்று மச்சானும் கூட வந்திருந்தார். ஊருக்கு முன்னால் ஒரு இறக்கம். நான் மிதிக்கிறேன், குட்டி போய்க்கொண்டே இருக்கிறது. எதிரே ஒரு கல்யாணப் பந்தல். மச்சான் கதவைத் திறந்து இறங்கி, வழியில் கிடந்த கல்லை எடுத்து, முன் சக்கரத்துக்கு அடியில் போட்டார். பந்தல்காலுக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டி நின்றது. அத்தனையும் செய்துவிட்டு அவர் கையைத் தட்டிக்கொண்டு நின்ற நிதானம் இருக்கிறதே, அதைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது.

மறுநாள் காலையில் புளியங்கட்டையில் சின்னதாக இரண்டு முட்டுக்கட்டை செதுக்கிக்கொண்டு வந்து முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். நான் வரச் சொல்லவுமில்லை, வேண்டாம் என்று சொல்லவுமில்லை. அன்றன்று கிடைப்பதில் அவருக்கு ஒரு பங்கு என்று ஆயிற்று. அதில்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது.

எங்கள் தொழில்முறை இப்படி. நான் பிரேக்கை மிதிப்பேன். குட்டி ஒருவழியாக வேகம் குறைந்து, நடக்கிற ஆள் வேகத்துக்கு வரும். மச்சான் இறங்கிக் கட்டையைப் போடுவார். வண்டி நிற்கும். இதுவரை சரி. கிளம்புவதில்தான் தொல்லை. தேரில் மேலே நிற்கிறவர் துணியை வீசினால்தான் கீழே இருப்பவர் கட்டையை எடுக்க வேண்டும். அது அவர்கள் வழக்கம். அந்த வழக்கத்தை என் காருக்கும் கொண்டுவந்துவிட்டார். நான் கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணியைக் கையை நீட்டி வீசாதவரை அவர் கட்டையை எடுக்க மாட்டார்.

“மச்சான், இது என்ன தேரா? நாலு முழ வண்டி. போகலாம்னு வாயால சொன்னா எடுக்கக்கூடாதா?” என்று கேட்டேன்.

“வாயால ஆயிரம் பேரு ஆயிரம் சொல்லுவாக, மாப்ளே. துணி ஒருத்தர்தான் வீசுவாரு. நம்ம இஷ்டத்துக்குக் கட்டையை எடுத்தா, பொறவு வண்டி அது இஷ்டத்துக்குப் போயிரும்.”

செட்டியார்பட்டிக் கடைத்தெருவில் நான் மஞ்சள் துணியை வீசிக்கொண்டு கிளம்புவதைப் பார்த்து, “ரயிலு கெளம்பிருச்சுடோய்” என்று சிரிக்காத ஆள் இல்லை. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உள்ளுக்குள் எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

யுத்தம் வந்து, பஸ்கள் கரியை எரித்து ஓடத் தொடங்கி, பெட்ரோலுக்குக் கூப்பன் என்று ஆன பிறகுதான் வினை வந்தது. வாடகைக்கு ஓடுகிற வண்டி வருஷத்துக்கு ஒரு தடவை பரீட்சைக்குப் போய்ச் சான்று வாங்க வேண்டும். சான்று இல்லையென்றால் கூப்பன் இல்லை. கூப்பன் இல்லையென்றால் குட்டியைக் கோழி அடைக்கத்தான் வைத்துக்கொள்ளலாம். நான் வாங்கும்போது கூடவே வந்த சான்று முடிகிற நேரமாகியிருந்தது. பரீட்சை செய்கிற அதிகாரி மாதத்தில் ஒரு நாள், வெளியூர் உத்தியோகஸ்தர்கள் தங்குகிற ஸ்ரீவில்லிபுத்தூர் முசாபரி பங்களாவுக்கு வருவார். விளக்கு, ஹாரன், கதவு எல்லாவற்றையும் அவர்தான் பார்ப்பார் என்றாலும், ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர் பிரேக் இன்ஸ்பெக்டர்.

ஒரு காலையில் சாப்பாட்டைப் போட்டுக்கொண்டே என் மனைவி கேட்டாள்.

“பிரேக்கைச் சரி பண்ணப் போறீகளா?”

“பண்ணாம எப்படிப் பாஸாகும்?”

“பண்ணிட்டா எங்கண்ணன் எங்க உக்காருவாரு?”

சரி பண்ணாவிட்டால் வண்டி போய்விடும். மச்சானுக்கும் பிழைப்பு போய்விடும். சரி பண்ணினால் வண்டி நிற்கும். கட்டை போட ஆள் எதற்கு? எப்படிப் பார்த்தாலும் அவர் கீழேதான் இறங்க வேண்டும். “மொதல்ல பாஸாகட்டும், பொறவு பாப்போம்” என்று சொல்லிக் கையைக் கழுவினேன். உண்மையைச் சொல்கிறேன், முன் சீட்டில் மூன்றாவது ஆள் ஒருவரை உட்கார வைத்து ஓட்டுவதை நான் அதற்கு முன்பே மனதுக்குள் இரண்டு மூன்று தடவை ஓட்டிப் பார்த்திருந்தேன்.

அவளிடம் பேச்சை மாற்றத்தான் பெயிண்ட் வேலையை முதலில் எடுத்தேன். பெயிண்ட் அடிப்பதற்கு நான் தேர்ந்தெடுத்த நாளைப்போல ஒரு நாளை யாராலும் தேர்ந்தெடுக்க முடியாது. மேல்காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. எங்கள் தெருவுக்கு மேற்கே ஜின்னிங் ஃபாக்டரி. நானும் மச்சானும் நாள் முழுக்கக் கறுப்புப் பெயிண்டைப் பூசி, பளபளவென்று ஆக்கி, திருப்தியாகப் போய்ப் படுத்தோம். விடிந்து பார்த்தால் வண்டி பூராவும் பஞ்சு ஒட்டிக் காய்ந்திருக்கிறது.

“குட்டி நரைச்சுப்போச்சே” என்றார் எதிர்வீட்டுக்காரர். அவர் அந்த ஜின்னிங் ஃபாக்டரியில்தான் கணக்கு எழுதினார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரோடு சண்டைக்குப் போயிருப்பேன். மச்சான் என்னை இழுத்துப் பிடித்து நிறுத்தினார். நிறுத்துவதில்தான் கெட்டிக்காரர் ஆயிற்றே. பிறகு நாவிதரிடம் மழுங்கிய கத்திகள் இரண்டு வாங்கிவந்து, ஆளுக்கு ஒரு பக்கமாகக் குட்டிக்குச் சவரம் செய்தோம். மச்சான் பக்கம் பரவாயில்லை. என் பக்கத்தில் அங்கங்கே வெட்டுக்காயம் விழுந்தது. மேலே இன்னொரு பூச்சு பூசினோம், இந்தத் தடவை ஈரச்சாக்கைக் கட்டித் தொங்கவிட்டுக் காற்றை மறைத்துக்கொண்டு.

ஹாரனில் ரப்பர் பை கிழிந்து, அமுக்கினால் இருமல் வந்துகொண்டிருந்தது. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தோம். இருமல் போய்ச் சத்தம் வந்தது. மேலே மூடுகிற கேன்வாஸ் டாப்பில் இருந்த ஓட்டைகளைத் தையற்காரர் அடைத்தார். அவரிடம் கறுப்பு நூல் இல்லாததால் வெள்ளை நூலில் அடைத்தார். ஆகையால் டாப்பை மடித்தே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். இப்படி ஒரு வாரம் போயிற்று. குட்டியை இப்போது பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் நிறுத்தினால் ஒப்புக்கொள்வார்கள் போல இருந்தது. பிரேக் மட்டும் பாக்கி.

பிரேக்குக்கு மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். ராஜபாளையத்தில் அப்போது கார் வேலை தெரிந்தவர்கள் குறைவு. நான் வண்டியைக் கொண்டுபோய் விட்ட மெக்கானிக் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எங்களோடு தமிழில்தான் பேசுவார், சந்தோஷம் வந்தாலும் கோபம் வந்தாலும் தெலுங்கு முந்திக்கொள்ளும். குட்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து, “ஏமய்யா, இதுல பிரேக்கே லேது” என்றார். நாலு சக்கரத்துக்கும் புது லைனிங் அடிக்க வேண்டும், நாலு நாள் வண்டி இங்கே நிற்கட்டும் என்றார்.

நான் மச்சானிடம் போய், “நாலு நாளைக்குச் சவாரி கெடையாது மச்சான், வீட்ல இருங்க. பரீட்சை அன்னைக்கு நானே வந்து ஏத்திக்கிடுறேன்” என்றேன்.

“வேலை நல்லா ஓடுதா?” என்று கேட்டார்.

“ஓடுது.”

“நல்லா நிக்கணும் மாப்ளே” என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்த நாலு நாளும் நான் கூப்பன் ஆபீசு, வரி ஆபீசு என்று அலைந்தேன். மெக்கானிக் பக்கம் எட்டிப் பார்க்க நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் காலை வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். நான் மிதித்த இடத்தில் குட்டி நின்றது. அது எனக்குப் புதுப் பழக்கம். முதல் இரண்டு தடவை ஸ்டியரிங்கில் நெஞ்சை இடித்துக்கொண்டேன். மச்சான் சட்டை போட்டுக்கொண்டு, நெற்றியில் நாமத்தோடு தெருவில் தயாராக நின்றார். இன்ஸ்பெக்டர் முன்னால் உட்காருவார் என்பதால் அவரைப் பின்னால் ஏறச் சொன்னேன். பின்னால் தனிக் கதவு கிடையாது. முன் சீட்டை மடித்துத்தான் உள்ளே போக வேண்டும். அத்தனை பெரிய உடம்பை மடக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார். கட்டை இரண்டும் மடியில் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் ஒல்லியாக இருந்தார். தொப்பி மட்டும் பெரியது. வடக்கத்திப் பேச்சு. குட்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். நான் சவரம் செய்த பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று தடவிப் பார்த்துவிட்டு, “வண்டிக்கு அம்மை கிம்மை வந்துச்சா?” என்றார். ஹாரனை அமுக்கினார், அடித்தது. விளக்கைப் போடச் சொன்னார், எரிந்தது. பிறகு ஏறி உட்கார்ந்து, வத்திராயிருப்பு ரோட்டில் விடு என்றார்.

ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் கண்மாய்க் கரைமேல் ஏறுகிற ஏற்றம் ஒன்று வரும். பாதி ஏற்றத்தில் திடீரென்று, “நிறுத்து” என்றார். நான் மிதித்தேன்.

குட்டி ஆணி அடித்தது போல நின்றது. அது அப்படி நின்று நான் பார்த்ததில்லை. இன்ஸ்பெக்டரின் தொப்பி முன்னால் போய் விழுந்தது. எனக்கு ஒரு நொடி ஆனந்தம்.

அடுத்த நொடி பின்னால் என்னவோ தடாலென்று கேட்டது. திரும்பிப் பார்த்தால் பின் சீட்டு காலி. மச்சான் பக்கத்துத் தகட்டைத் தாண்டிக் குதித்து, கீழே ஒரு முழங்காலில் விழுந்து, அந்த நிலையிலேயே ஊர்ந்து போய்ப் பின் சக்கரத்துக்கு அடியில் கட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு இறங்கினார். நான் இறங்கவில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுக்கப் பயமாக இருந்தது.

“யாருய்யா நீ? கிளீனரா?”

மச்சான் எழுந்து, முழங்காலில் மண்ணைத் தட்டிக்கொண்டு, மரியாதையாகச் சொன்னார். “இல்லீங்க. நாந்தான் பிரேக்கு.”

எனக்குப் பூமி பிளந்து குட்டியோடு உள்ளே போய்விடக்கூடாதா என்று இருந்தது.

“கட்டையை எடு” என்றார் இன்ஸ்பெக்டர்.

மச்சான் எடுக்கவில்லை. கட்டைமேல் காலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“எடுய்யா. காது கேக்கலையா?”

“கேக்குதுங்க. செத்த நேரம் பொறுங்க. மேல இருந்து துணி வீசுவாக.”

இன்ஸ்பெக்டர் வானத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய? பெட்ரோல் கூப்பன், பெர்மிட், குடும்ப மானம் எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து, கையை வெளியே நீட்டி வீசினேன். மச்சான் உடனே குனிந்து கட்டையை எடுத்து ஓரமாக நின்றார். சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவரின் முகம் அந்த அளவு குழம்பி நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

இனி அவர் விடுவாரா? கை பிரேக்கைப் போட்டுவிட்டுக் காலை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். வண்டி நின்றது. அவரே பின்னால் இழுத்துப் பார்த்தார், நின்றது. கை பிரேக்கை விடுவித்துக் கால் பிரேக்கில் நிறுத்தச் சொன்னார். மேலே ஏற்றி, கீழே இறக்கி, அதே இடத்தில் நாலு தடவை நிறுத்தச் சொன்னார். நாலு தடவையும் ஒரு பக்கமும் கோணாமல் நின்றது. அந்த நாலு தடவையும் மச்சான் கரையில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். கால் மட்டும் ஒவ்வொரு தடவையும் முன்னால் ஒரு அடி வந்து, பின்னால் போயிற்று.

முசாபரி பங்களாவில் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். “பிரேக் ரொம்ப நல்லா இருக்கு. பஸ்காரனுங்களே இப்படி வெச்சிக்கிறதில்ல.” பிறகு வெளியே நின்ற மச்சானைப் பேனாவால் காட்டினார். “அந்த பிரேக்கை இன்னிமே இறக்கி விட்டுடு. அந்த இடத்துல ஒரு ஆளை ஏத்தலாம்.”

மச்சானுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அவரை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு அவர் வீட்டுக்குக் கிளம்பினேன். பாஸாகிவிட்ட சந்தோஷத்தைவிட, கெட்டுப்போக இருந்ததே என்கிற கோபம்தான் எனக்கு மேலே நின்றது. அது கோபம் மட்டும்தானா என்று இப்போது கேட்டால், இல்லை. அவரிடம் நாளைக்கு வர வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்குமே என்கிற சங்கடமும் சேர்ந்துகொண்டு, கோபத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டது. அவர் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுக் கேட்டுவிட்டேன்.

“வேணும்னேதான எறங்குனீக? பிரேக்கு இருந்தாலும் கட்டை போட ஆள் வேணும்னு அவிய எழுதிட்டா, நீங்க இங்கனயே உக்காந்திருக்கலாம்னுதான?”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “கால் தன்னால போயிருச்சு மாப்ளே” என்றார்.

“கால் எப்படித் தன்னால போகும்?”

அவர் இறங்கி, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். கொஞ்ச நேரம் கதவில் கையை வைத்தபடி நின்றார். நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றார். எனக்கு அது தெரியும். நான் முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “சரி, பாத்துப் போங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தெருமுனை திரும்பியதுமே மூன்று பேர் கையைக் காட்டினார்கள். மிஷன் பள்ளி வாத்தியார், அவர் மனைவி, மாமியார். ராஜபாளையத்துக்குப் போக வேண்டும். முதல் தடவையாகக் குட்டியில் மூன்று பேர் ஏறினார்கள். மாமியார் அம்மாள் முன் சீட்டில் உட்கார்ந்தார். அந்தச் சீட்டில் பாதி காலியாகக் கிடந்தது. வழி நெடுக அந்த அம்மாள் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் என்ன குறை என்பதைச் சொல்லிக்கொண்டே வந்தார். மாடு குறுக்கே வந்தது, நிறுத்தினேன், நின்றது. இறங்கும்போது வாத்தியார், “நல்ல வண்டி” என்றார். நான் தலையாட்டினேன். நான் ஆசைப்பட்டது எல்லாம் நடந்துவிட்டது, ஆனால் வாயில் ருசியே இல்லை.

மெக்கானிக்கிடம் சேதி சொல்லப் போனேன். பாஸா என்று கேட்டார். பாஸ் என்றேன். “பாகுந்தி” என்று தொடையில் தட்டினார்.

“அந்த இன்ஸ்பெக்டரே அசந்துட்டாரு. எப்படி நாலு சக்கரமும் ஒண்ணாப் பிடிக்குது?” என்றேன்.

“என்னைக் கேட்டா? உங்க மச்சானைக் கேளுங்க.”

“அவரு எங்க வந்தாரு?”

“ஏமி, தெரியாதா? நாலு நாளும் காலைல மொத கரி பஸ்ஸுல வந்திருவாரு. நான் லைனிங்தான் அடிச்சேன். பெடல்ல இருந்து சக்கரத்துக்குப் போற ராடைச் சரி பண்ணுனது அவருதான். நாலு சக்கரத்தையும் தூக்கி வச்சு நான் மிதிப்பேன். அவரு டயர் மேல கையை வச்சுக்கிட்டு, இது முந்துது, அது பிந்துதும்பாரு. நட்டை அரைச் சுத்து, கால் சுத்து திருகச் சொல்லுவாரு. பின்னாடி எடது பக்கத்துக்கே ஒரு நாள் பூராப் போச்சு. எனக்கே கை ஓஞ்சுபோச்சு, அவரு விடலை.”

நான் குனிந்து குட்டியின் பின் இடது சக்கரத்தைப் பார்த்தேன்.

“நான் கேக்கத்தான் செஞ்சேன். ‘ஏனய்யா, இது சரியானா உமக்கு வேலை லேதே’ன்னு. அதுக்கு அவரு, ‘இப்பெல்லாம் எறங்குறப்போ முட்டி கொஞ்சம் பிடிக்குது. மாப்ளைக்குத் தெரியாது. என்னைக்காவது ஒரு நா நான் பிந்திருவேன். உள்ள பிள்ளத்தாச்சி யாரும் இருந்தா என்ன ஆகும்?’னாரு.”

மெக்கானிக் அதற்குமேல் என்ன சொன்னாரோ, என் காதில் விழவில்லை. கரையில் அவர் முழங்காலில் விழுந்து ஊர்ந்தது கண்ணுக்குள் வந்தது. அந்த மனிதரைப் பார்த்து, வேண்டுமென்றே செய்தீர்களா என்று கேட்டவன் நான். அவமானமாக இருந்தது. இத்தனை நாள் அவரைக் கேலி பண்ணுவதே பிழைப்பாக இருந்த எனக்கு, அன்று என்னைப் பார்த்தே சிரிக்கக்கூட வரவில்லை.

கூப்பன் பெட்ரோலில் ஆளில்லாமல் ஏழு மைல் ஓட்டுவது அந்தக் காலத்தில் பைத்தியக்காரத்தனம். ஓட்டினேன்.

மச்சான் வீட்டில் அப்போதுதான் இலையில் உட்கார்ந்திருந்தார். முழங்காலில் ஏதோ பச்சிலை அரைத்துக் கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார்.

“என்ன மாப்ளே, போன வேகத்துல வந்துட்டீக?”

மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. வந்தது ஒரு பொய்தான்.

“வண்டி நிக்க மாட்டேங்குது மச்சான்.”

அவர் கையில் எடுத்த சோறு அப்படியே இருந்தது. “எந்தச் சக்கரம்?”

“பின்னாடி எடது பக்கம்.”

பின்னாடி இடது பக்கம். ஒரு நாள் பூராவும் அவர் கையை வைத்துச் சரிபண்ணின சக்கரம். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அழுதுவிடுவேன் போல இருந்தது.

“இதை மூடி வை” என்று உள்ளே மனைவிக்குச் சொல்லிவிட்டுக் கையைக் கழுவினார். “மாப்ளைக்கு வண்டி நிக்கலையாம். போயிட்டு வாரேன்.”

ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தார். சக்கரத்தைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நானும் காட்டவில்லை. ஊரைத் தாண்டியதும் ரயில்வே கேட் அடைத்திருந்தது. நான் மிதித்தேன். குட்டி கேட்டுக்கு முன்னால் அசையாமல் நின்றது. அவர் கால் அசையவில்லை. மடியில் கைகளை வைத்துக்கொண்டு, ரயில் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லாத்தான் நிக்குது மாப்ளே” என்றார், என் பக்கம் திரும்பாமலே.

“ஆமா மச்சான்” என்றேன். “நாளைக்கும் வந்திருங்க.”

ரயில் போய், கேட் திறந்து, பின்னால் நின்ற மாட்டுவண்டிக்காரர் சத்தம் போடுகிறவரை நாங்கள் அங்கேயே இருந்தோம்.